டயாலிசிஸ் படுக்கைகளில் பெண்கள் ஏன் குறைவு?



நாள்பட்ட சிறுநீரக நோய் ஆண்களைவிடப் பெண்களிடம் சற்றுக் கூடுதல் என்று உலக அளவிலான கணக்கெடுப்புகள் சொல்கின்றன. டயாலிசிஸ் பிரிவுக்குள் போய்ப் பார்த்தால் படுக்கைகளில் ஆண்களே அதிகம். ஆண்களுக்கு நோய் வேகமாக முற்றுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு காரணத்தோடு நிறைவடைந்துவிடக் கூடாது என்பதைச் சொல்லவே இந்தக் கருத்தரங்கின் தலைமைப் பொறுப்பை ஏற்றேன்.

அறுபது வயதுப் பெண்மணி ஒருவரின் லேப் ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். கிரியாட்டினின் 1.2. பக்கத்தில் அச்சிட்டிருக்கும் வரம்புக்குள்தான் இருக்கிறது. "நார்மல்தாம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். அதே எண்ணை 2021ஆம் ஆண்டின் சிகேடி-எபி சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். அறுபது வயது ஆணுக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 69 என்று வரும். இந்த அம்மாவுக்கு 52தான். மூன்று மாதம் கழித்தும் அப்படியே இருந்தால் நோய் மூன்றாம் நிலையில் இருக்கிறது என்று பொருள். தசை குறைந்த உடலில் கிரியாட்டினின் குறைவாகவே உருவாகும் என்பது நமக்குப் பாடம். வெளிநோயாளி வரிசை நீளும்போது அது மறந்துபோகிறது.

கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போன பெண்களின் கதையும் இதுதான். பிற்காலத்தில் அவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாகும் அபாயம் கூடுதல். பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போனதும் அவர்களை யாரும் கூப்பிட்டுப் பார்ப்பதில்லை.

டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் சிக்கல் தீர்வதில்லை. பெண்களைவிட ஆண்கள் முன்னதாக இறப்பது உலக வழக்கம். டயாலிசிஸ் நோயாளிகளிடம் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது என்று 12 நாடுகளின் டயாலிசிஸ் நோயாளிகளைப் பற்றிய டாப்ஸ் (DOPPS) ஆய்வு 2014இல் காட்டியது. பெண்களின் ரத்தக்குழாய்கள் மெலிந்தவை. டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து அமைக்கும் ஃபிஸ்டுலா பலருக்குச் சரியாக முதிர்வதில்லை. கழுத்தில் கதீட்டரோடு நாட்களை ஓட்டுகிறார்கள், தொற்றும் வருகிறது. வாரம் மூன்று முறை துணைக்கு ஆள் தேடுவதும் அவர்களுக்கே பெரும்பாடு. வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்றுவழி டயாலிசிஸ் அவர்களில் பலருக்குப் பொருந்தும். அதற்கான பைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தமிழ்நாட்டில் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. நாம் எத்தனை பெண்களிடம் அதை எடுத்துச் சொல்கிறோம்?

மாற்றுச் சிறுநீரகத்துக்கு வருகிறேன். 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த 36,640 உறுப்பு மாற்று அறுவைசிகிச்சைகளில் 29,695 ஆண்களுக்கு, 6,945 பெண்களுக்கு. உயிரோடு இருந்து உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பான்மை பெண்கள். ஆலோசனை அறையில் இது தினமும் நடக்கிறது. கணவன் நோயாளி என்றால், "என்னோடதை எடுத்துக்குங்க டாக்டர்" என்று மனைவி முந்திக்கொள்கிறார். மனைவி நோயாளி என்றால், "அவன் சம்பாதிக்கிறவன், டயாலிசிஸே போகட்டும்" என்று மாமியார் பேசுகிறார். நோயாளி தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்.

உடலியல் தடையும் ஒன்று உண்டு. அதை மறைக்க வேண்டாம். கருவிலிருக்கும் குழந்தை வழியாகத் தந்தையின் திசு அடையாளங்கள் தாயின் ரத்தத்துக்கு அறிமுகமாகி, எதிர்ப்பொருள் உருவாகலாம். அதனால் கணவனுடைய சிறுநீரகமும், சிலருக்குப் பெற்ற பிள்ளையுடையதும்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆனால் அது கிராஸ்மேட்ச் என்ற பொருத்தச் சோதனை வரை வந்தால்தானே தெரியும்? பல குடும்பங்களில் பேச்சு அந்த இடத்துக்கே வருவதில்லை. வந்து, பொருந்தாமல் போனாலும், இரு குடும்பங்கள் கொடையாளர்களை மாற்றிக்கொள்ள 2011ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வழி செய்திருக்கிறது. காத்திருப்புப் பட்டியலில் உள்ள பெண்களுக்கு முன்னுரிமை தரும்படி தேசிய உறுப்பு மாற்று அமைப்பு 2025 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. அது மூளைச்சாவுக் கொடைக்குத்தான் உதவும். வீட்டுக்குள் நடக்கும் கொடையை எந்தச் சுற்றறிக்கையும் மாற்றாது. சிறுநீரகம் கொடுக்க முன்வருவீர்களா என்ற கேள்வியைக் கணவனிடமும் அண்ணன் தம்பியிடமும் தனித்தனியே உட்காரவைத்து நாம்தான் கேட்க வேண்டும். கொடுக்க முன்வரும் மனைவியையும் தனியே அழைத்து, மனமொப்பித்தான் கொடுக்கிறாரா என்று கேட்க வேண்டும்.

பிற்பகல் அமர்வுக்கு வரும்போது ஒவ்வொரு மையமும் மூன்று எண்களைக் கொண்டுவர வேண்டுகிறேன்: சென்ற ஆண்டு டயாலிசிஸ் தொடங்கிய பெண்கள் எத்தனை பேர், பாதியில் நிறுத்தியவர்கள் எத்தனை பேர், கொடையாளர் பற்றிக் குடும்பத்தோடு பேசியதாகக் கோப்பில் எழுதப்பட்டவர்கள் எத்தனை பேர். மூன்றாவது எண் பதிவாகவே இல்லையென்றால், அதையும் அப்படியே சொல்லுங்கள். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.