கொஞ்சம் பொறுங்கள், அப்புறம் இடிக்கலாம்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் வரதராஜன்பேட்டைக்காரன். எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். 2004-இல் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்ததையும் சொல்வார்கள். அந்தக் கோயிலின் மதில் எங்கே போனது என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் முழிப்பார்கள். ஜெயங்கொண்டத்திலிருந்து கும்பகோணம் பஸ்ஸில் அணைக்கரையைத் தாண்டுகிறோமே, அங்கேதான் போனது. 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கருங்கல் வேண்டியிருந்தது. பக்கத்தில் கோயில் இருந்தது. உடைத்து எடுத்துப் போய்விட்டார்கள். ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. தடுத்தார்கள், அதற்குத் தண்டனையும் பெற்றார்கள். கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் சுவர் கட்டித் தருவதாக அரசு தரப்பில் வாக்குக் கொடுத்தார்கள். அந்த வாக்கும் காப்பாற்றப்படவில்லை என்று 1855-ஆம் ஆண்டுக் குறிப்பொன்று சொல்கிறது.

அணை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றைத்தான் சாப்பிடுகிறோம். ஆனால் 'கொஞ்சம் பொறு, வேறு கல் கிடைக்குமா பார்' என்று சொல்ல அன்றைக்கு ஒரு விதி இல்லை. பொறு என்று சொன்னவனுக்கு அடிதான் கிடைத்தது.

அப்படிப்பட்ட விதி உலகத்தில் இல்லாத ஒன்றல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் 1995-இல் கொண்டுவந்தார்கள். வரலாற்று மதிப்பு உள்ள பழைய கட்டடம் என்றால் 90 நாள் இடிக்கக் கூடாது. அதற்குள் மாற்று வழி ஏதாவது இருக்கிறதா என்று ஊர் கூடிப் பேசலாம். வழி இல்லையென்றால் இடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதே 1995-இல் பம்பாயிலும் பட்டியல் போட்டு, கமிட்டியைக் கேட்காமல் கைவைக்கக் கூடாது என்றார்கள்.

நம் சென்னையில் அது கோர்ட் வழியாகத்தான் வந்தது. மவுண்ட் ரோட்டில் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம், 1897-இல் மருந்துக் கம்பெனிக்காகக் கட்டியது. 2006-இல் எல்.ஐ.சி. அதை இடிக்க முற்பட்டபோது இன்டாக் அமைப்பு வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. 2010-இல் இடிக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மரபுக் கட்டடங்களுக்கென்று ஒரு குழுவும் அமைந்தது, ஆனால் சென்னைப் பெருநகரத்துக்கு மட்டும். மாநிலம் முழுமைக்குமான மரபு ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது. ஆணையம் அமையவே பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று!

"அதெல்லாம் சரி, என் வீட்டை இடிக்க நான் யாரைக் கேட்கணும்?" என்று ஒரு நண்பர் முன்வரிசையிலிருந்து முறைக்கிறார். நியாயமான கோபம். மத்தியத் தொல்லியல் துறையின் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டத் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். ஏழை பாழைகள் இதனால் படும் பாடு எனக்குத் தெரியும். நான் கேட்பது தடை அல்ல, தவணை. அந்தத் தவணையில் அளவெடுக்கலாம், போட்டோ பிடிக்கலாம், உத்திரத்தையும் கதவு நிலையையும் வாங்கிக்கொள்ள ஆள் தேடலாம்.

தவணை மட்டும் போதாது என்பதும் உண்மை. புதுச்சேரி மேரி கட்டடத்தை யாரும் இடிக்கவில்லை. 2014-இல் மழையில் தானாகவே சரிந்தது. பிறகு அதே மாதிரி புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. நம் உடையார்பாளையம் ஜமீன் அரண்மனையைப் போய்ப் பாருங்கள். கனம் கிருஷ்ணையர் பாடிய சமஸ்தானம் அது. உ.வே.சா.வின் தகப்பனார் அவரிடம்தான் சங்கீதம் கற்றார்.

அதனால் நம் சங்கத்துக்கு ஒரு வேலை சொல்கிறேன். நம் பேரூராட்சிகளிலும் ஊராட்சிகளிலும் நூறு வருஷம் தாண்டிய வீடு, சத்திரம், பள்ளிக்கூடம், கோயில், மாதா கோவில், பள்ளிவாசல் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் எடுப்போம். இடிக்க மனு வந்தால் 90 நாள் பொறுக்கும்படி மன்றத்தில் தீர்மானம் கேட்போம். சட்டப்படி அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நம்மில் வக்கீலாக இருப்பவர்கள் பார்க்கட்டும். தம்பிகளிடம் செல்போன் கேமரா இருக்கிறது, எங்களிடம் ஊர்க் கதை இருக்கிறது. வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். சாப்பாட்டுப் பந்திக்குப் போகுமுன் பெயரும் ஊரும் எழுதிவிட்டுப் போங்கள்.