பிறப்பிடமும் இருப்பிடமும்

உத்தியோகத்தின் பொருட்டு வெளி மாநிலங்களில் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் வேளையில் ஒரு கேள்வி எழுகின்றது: ‘நாம் எந்த மாநிலத்தார்?’ வீட்டில் தமிழ் பேசுகிறோம். தைத்திங்களில் பொங்கல் இடுகிறோம். ஆகவே தமிழ்நாட்டார் என்றே எண்ணியிருக்கிறோம். கல்லூரி விண்ணப்பமோ வேறு கணக்குக் கேட்கின்றது.

மத்திய அரசில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் நமக்குச் சொற்களோடு நாள்தோறும் பழக்கம். பிறப்பிடம், இருப்பிடம், பூர்விகம் என்னும் மூன்றும் பேச்சில் ஒன்றுபோல் தோன்றலாம்; சட்டத்தில் அவை வெவ்வேறு. பிறப்பிடம் காரணமாக மட்டும் அரசு வேற்றுமை பாராட்டலாகாது என்கிறது அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு. இருப்பிடத்தைப் பற்றி அப்பிரிவில் பேச்சில்லை. இந்தூர் மருத்துவக் கல்லூரியில் வெளியாரிடம் தனிக்கட்டணம் பெற்ற விதியை, 1955ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இவ்வேறுபாட்டைக் கொண்டே செல்லுமெனத் தீர்ப்பளித்தது.

1984இல் அதே நீதிமன்றம், இடங்கள் அனைத்தையும் உள்மாநிலத்தார்க்கே ஒதுக்குதல் தகாது என்றது. அதன் தொடர்ச்சியாகவே, அரசு மருத்துவக் கல்லூரிகளின் எம்.பி.பி.எஸ். இடங்களில் 100க்கு 15 அகில இந்தியப் பங்காயின. மருத்துவ மேற்படிப்பில் இருப்பிட ஒதுக்கீடு செல்லாதெனத் தீர்ப்பானது 2025இல்.

குடும்பப் பின்னணியும் எல்லையைத் தாண்டும்போது மாறிவிடுகின்றது. தந்தையின் வேலை காரணமாகச் சிறு வயதிலேயே ஆந்திரத்திலிருந்து பம்பாய்க்கு வந்த பழங்குடி மாணவர் ஒருவர், மகாராஷ்டிரத்தில் அவ்வொதுக்கீட்டைக் கோர இயலாதென 1990இல் தீர்ப்பாயிற்று. அட்டவணைகள் மாநிலந்தோறும் தனித்தனியே வகுக்கப்பட்டவை என்பதே காரணம். மத்திய அரசின் கல்வி நிறுவனங்களிலோ சொந்த மாநிலச் சான்றிதழ் செல்லும்.

எம் வீட்டிலும் இத்தொல்லை நேர்ந்தது. நாகபுரியில் சில ஆண்டுகள், தில்லியில் சில ஆண்டுகள் என எம் மகளின் படிப்பு நடந்தது. பூர்விகச் சான்றுக்காக ஊருக்குச் சென்றபோது, “இங்கே குடியிருக்கவில்லையே” என்றார் அதிகாரி. தில்லியிலோ, “நீங்கள் மதராஸிகள் அல்லவா?” என்றார்கள். இரண்டு மாதம் அலைந்த பின்னரே சான்று கிடைத்தது. “அப்பா, எனக்கு ஊரே இல்லையா?” என்று அவள் கேட்டதற்கு நம்மிடம் விடையில்லை.

எனினும் மறுபக்கத்தையும் காண்போம். கல்லூரிக்குப் பணம் தருவது மாநிலம். அதன் சிற்றூர்களுக்கு மருத்துவர் வேண்டும். அங்குள்ள ஏழை மாணவனுக்கு வேறு போக்கிடமில்லை. அவன் பங்கைப் பறிக்க நாம் விரும்புவதற்கில்லை. ஆணையின் பேரில் இடம் மாறுவோரின் பிள்ளைகளுக்கென 1963 முதல் மத்தியப் பள்ளிகள் நடைபெறுகின்றன. அப்பரிவு கல்லூரி வாயிலிலும் வேண்டுமென்பதே நம் வேண்டுகோள்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே எங்கெங்கு எத்தனை ஆண்டு படிப்பு கணக்காகும் என விசாரித்தறிக. தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் பாதி இடங்கள் உள்மாநிலத்தார்க்கு. பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய மாநிலமே அங்கே சொந்த மாநிலம். தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கைக்கு, வெளியே படித்த தமிழ்ப் பிள்ளைகள் பூர்விகச் சான்று காட்ட வேண்டும். அச்சான்றினையும் சாதிச் சான்றினையும், தேர்வு முடிவுக்குக் காத்திராது முன்னதாகவே பெற்றுவைத்தல் நலம்.

ஊர் எது என்று பிள்ளை கேட்கும் நாளில், கையில் காகிதமும் வாயில் விடையும் நமக்கு இருக்கட்டும்.