இரண்டாம் இலக்கம் எழுதாத சீட்டு

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றிற் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



2024ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்களின் முன் முதிய கமக்காரர் ஒருவர் என்னை வழிமறித்தார். “தம்பி, இரண்டு பேருக்கு இலக்கம் போட்டால் வாக்குப் பழுதாய்ப் போகாதோ?” என்று வினவினார். “ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டு வாருங்கள் ஐயா” எனக் கூறி அவசரமாக நடந்தேன். சட்டம் கற்ற நான் அன்று சொன்ன விடை இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது.

1982 தொடக்கம் 2019 வரை நடந்த எட்டுத் தேர்தல்களிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதிக்கு மேற் பெற்றுவிட்டார். 2005இல் வென்றவருக்குக் கிடைத்தது 50.29 வீதமே, ஆயினும் அது போதுமாயிற்று. ஆகவே, இரண்டாம், மூன்றாம் விருப்பு என்பன சட்டப் புத்தகத்தில் உறங்குவன என்றே நாம் கருதியிருந்தோம். 2024 செப்டெம்பர் 21இல் 38 பேர் போட்டியிட்ட களத்தில் அந்த உறக்கம் கலைந்தது. அநுர குமார திசாநாயக்க 42.31 வீதமும் சஜித் பிரேமதாச 32.76 வீதமும் பெற்றனர். ஏனைய 36 பேரும் நீக்கப்பட்டு, வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் எண்ணிக்கை நடைபெற்றது.

பிரான்சு தேசத்தில் இதே நிலை ஏற்படின் மக்கள் மீண்டும் சாவடிக்குச் செல்வர். 2002இல் அங்கு 16 வேட்பாளர். இடதுசாரி வாக்குகள் பலவாகச் சிதறின. பிரதமர் சொஸ்பன் 16.18 வீதத்துடன் மூன்றாமவராகி வெளியேற, 16.86 வீதம் பெற்ற தீவிர வலதுசாரி லெ பென் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தார். நாடே திடுக்கிட்டது. இரு வாரங் கழித்து, மே 5இல், முதற் சுற்றில் 19.88 வீதமே பெற்ற சிராக்குக்கு 82.21 வீதத்தினர் வாக்களித்தனர். செய்த பிழையைத் திருத்த அவர்களுக்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

நமக்கு அது இல்லை. நமது இரண்டாம் சுற்று அதே சீட்டில், அதே நிமிடத்தில் எழுதப்படவேண்டியது.

எழுதினோமா? நீக்கப்பட்ட 36 பேருக்கும் விழுந்தவை 3,321,666 வாக்குகள். அவற்றுள் இறுதி இருவரைச் சென்றடைந்தவை 273,131 மாத்திரமே. முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் நடுவழியில் நின்றுவிட்டன. இறுதி வித்தியாசமோ 1,209,277. முடிவு மாறியிருக்கும் என நான் வாதிடவில்லை. அவ்வாறு வாதிடச் சான்றில்லை. நின்றுபோன தொகை வித்தியாசத்தின் இரு மடங்குக்கும் மேல் என்பதை மட்டுமே சொல்கின்றேன்.

தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் அவர்களுக்கு 226,343 பேர் வாக்களித்தனர். “அவருக்கு ஒன்று எழுதியபின் வேறொருவருக்கு இரண்டு எழுதினால் கொள்கைக்கு இழுக்கன்றோ?” என்று கேட்பாருளர். சட்டம் அவ்வாறு கொள்ளவில்லை. முதலாம் விருப்பு முழுமையாக எண்ணப்படும். அவ்வேட்பாளர் நீக்கப்பட்ட பின்னரே இரண்டாவது பார்க்கப்படும். ஒன்று மற்றதைக் குறைக்காது. இறுதி இருவரில் எவரும் வேண்டாம் என்று நினைத்தே வெறுமையாக விட்டவரை நான் குறைகூறேன். அதுவும் ஒரு தீர்மானமே. அறியாமல் விட்டவர் எத்தனை பேர்? அறிந்திருந்தும் சொல்லாத என் போன்றோர் எத்தனை பேர்? மேடைகளில் உரிமை பற்றி மணிக்கணக்காகப் பேசினோம். சீட்டை எடுத்து 1, 2, 3 என எழுதிக் காட்ட ஐந்து நிமிடம் ஒதுக்கினோமில்லை.

சென்ற கிழமை அந்தக் கமக்காரரின் வீட்டுக்குச் சென்றேன். திண்ணையில் அமர்ந்து, கடதாசியொன்றில் எழுதிக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“உதை அப்பவே சொல்லியிருக்கலாமே, தம்பி” என்றார்.