முதல் குளிப்புக்கு அவசரமில்லை

(நூற்றாண்டு விழாவில், சுகாதாரத் துறையில் பணிபுரியும் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)



இங்கே படித்து, இன்று தாதியராகவும் மருத்துவமாதுகளாகவும் கடமையாற்றும் நாங்கள், பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுவது பற்றிச் சில வார்த்தை பேச வந்திருக்கிறோம்.

இறம்பொடையின் சாரலும் பனியும் நமக்குப் பழகியவை. தாயின் வயிற்றுச் சூட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு அவை புதிது. நனைந்த உடம்பு விரைவில் குளிர்ந்துவிடும். குளிர்ந்த பிள்ளை பால் உறிஞ்சாமல் சோர்ந்து போகும். இரத்தத்தில் சர்க்கரை குறையும். எடை குறைந்த பிள்ளைக்கு ஆபத்து இன்னும் கூட. 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் பிள்ளைகள் நாட்டின் ஏனைய பகுதிகளைவிட நமது தோட்டங்களில்தான் அதிகம்.

அதனால்தான் முதல் குளிப்பைக் குறைந்தது 24 மணித்தியாலம் தள்ளிப்போடும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிறந்த உடம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் படிவு அழுக்கல்ல; தோலைக் காக்கும் பூச்சு.

“புள்ளைய இன்னும் கழுவலயாம்மா?” என்று அப்பாயிமாரும் அம்மாயிமாரும் எங்களைக் கேட்பார்கள். லயத்தில் விறகடுப்பில் தண்ணீர் சுடவைத்து, நீட்டிய கால்மேல் நம்மைக் கிடத்திக் குளிப்பாட்டி வளர்த்தவர்கள் அவர்கள். “கூடாது” என்று மட்டும் சொன்னால், வீட்டுக்குப் போனதும் பழையபடிதான் நடக்கும். காரணத்தைத் தமிழில் சொல்லி, பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால், அவர்களே போர்வையை இழுத்து மூடுவார்கள்.

பிறகு தாயின் கையாலேயே குளிப்பாட்டப் பழக்குகிறோம். தகப்பன் வந்திருந்தால் அவரையும் சேர்த்துக்கொள்கிறோம். கதவு, யன்னலைச் சாத்துங்கள். துவாயும் உடுப்பும் கைக்கெட்ட இருக்கட்டும். பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, பிறகு சுடுதண்ணீரைக் கலந்து, முழங்கையால் சூடு பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். தலையை உடனே துவட்டி, தொப்பி போட்டு, நெஞ்சோடு அணையுங்கள். தொப்புள்கொடி காய்ந்தே இருக்கட்டும். மூக்கில் எண்ணெய் விடுவதும் வாயால் ஊதுவதும் சாம்பிராணிப் புகையும் வேண்டாம். பிள்ளை குளிர்ந்து, பால் குடிக்க மறுத்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு வாருங்கள்.

1926இல் களுத்துறையில் இந்நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. மருத்துவமாது வீடு தேடிவரும் ஏற்பாடு அதிலிருந்து வளர்ந்தது. தோட்டத்து லயங்களுக்கு அது வந்துசேரப் பல பத்தாண்டுகள் சென்றன. இன்றும் தாய்க்கு அவளுடைய மொழியில் சொல்லிக்கொடுக்க ஆள் போதாது. உயர்தரம் படிக்கும் தங்கைமாரே, இந்த வேலைக்கு நீங்கள் வரவேண்டும்.

கொழும்பிலும் கடல் கடந்தும் வாழும் சகோதரிகளே, ஊரில் ஒரு பிள்ளை பிறந்தால் தொலைபேசியில், “ஆணா, பெண்ணா?” என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். “பிள்ளை பால் குடிக்குதா? சூடா இருக்கா? நீ சாப்பிட்டியா, தூங்கினியா?” என்றும் கேளுங்கள். அவள் அழுதால், அழவிட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள். அதுவும் பெரிய உதவிதான்.