அந்த வரியில் யார் பெயர்?

 

கட்டற்ற மென்பொருளை எழுதியவர்களை மேடைதோறும் பாராட்டுகிறோம். பாராட்டத்தான் வேண்டும். ஆனால், எழுதியவருக்கும் உங்கள் கணினிக்கும் நடுவே இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறாரே, அவரை யாருக்காவது தெரியுமா?

தேரோட்டத்தில் வடம் பிடிக்க ஆயிரம் கை. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர் நாலே பேர். அந்த நாலு பேரில் ஒருவரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ஃப்ரீபிஎஸ்டி என்றோர் இயங்குதளம், 1993-இல் பிறந்தது. நெட்ஃபிளிக்ஸ் நமக்குப் படம் அனுப்பும் சர்வர்களில் ஓடுவது அதுதான். லினக்ஸை மனத்தில் வைத்து எழுதிய நிரல் அதில் அப்படியே ஓடிவிடாது. ஓடவைக்கும் குறிப்புகளின் தொகுப்புக்குத்தான் 'போர்ட்' என்று பெயர். இன்று 30,000-க்கும் மேற்பட்ட போர்ட்கள் இருக்கின்றன.

ஒரு போர்ட்டைத் திறந்தால் என்ன இருக்கும்? மூல நிரலை எங்கிருந்து இறக்குவது, வேறு எவையெல்லாம் தேவை, எப்படிக் கம்பைல் செய்வது என்று சொல்லும் ஒரு மேக்ஃபைல். இறக்கிய கோப்பில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் காட்டிக்கொடுக்கும் எஸ்ஹெச்ஏ-256 சரிபார்ப்பு எண். தேவையானால் நிரலைத் திருத்தும் சில பேட்ச்கள். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? புதிய பதிப்பு வரும். பழைய பேட்ச் பொருந்தாது. சார்ந்திருக்கும் லைப்ரரி மாறும். நேற்று ஓடியது இன்று ஓடாது. பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டால், தூக்கத்தை விட்டு எழுந்து சரிசெய்ய வேண்டும். சம்பளம் கிடையாது.

மேக்ஃபைலில் 'மெயின்டெய்னர்' என்றொரு வரி உண்டு. பொறுப்பேற்றவரின் மின்னஞ்சல் முகவரி அங்கே இருக்கும். ஏற்க ஆளில்லாத போர்ட்டில் பொது முகவரிதான் இருக்கும். எல்லோருக்கும் பொறுப்பு என்றால் யாருக்கும் பொறுப்பில்லை என்பது நம் ஊர்க் குளத்துக்கே தெரியும்!

அந்த வரியில் பெயர் ஒன்றாக இருக்கலாம். ஆனால் பாரம் ஒருவருக்கே ஆகிவிடக் கூடாது. ஆனால் என்ன ஆகும் என்பதை 2024 மார்ச்சில் உலகம் பார்த்தது. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கி, எங்கும் பரவியிருப்பது. களைத்துப்போன ஒரே பராமரிப்பாளருக்கு உதவ வந்தவர்போல் ஒருவர் வந்தார். ஆண்டுக்கணக்கில் நம்பிக்கையைச் சேர்த்தார். பிறகு 5.6.0 பதிப்பில் கள்ளக்கதவு வைத்தார். சரிபார்ப்பு எண் அதைப் பிடிக்குமா? பிடிக்காது. வெளியிட்ட கோப்பே நஞ்சானால் எண் சரியாகத்தான் இருக்கும். பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். லாகின் அரை நொடி தாமதமாவது ஏன் என்று குடைந்தார், அகப்பட்டது. கருவி விட்டதை மனிதக் கவனம் பிடித்தது.

ஃப்ரீபிஎஸ்டியில் ஒரு நல்ல வழக்கம்: யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். பராமரிப்பவருக்கு இரண்டு வாரம் அவகாசம். பதில் இல்லையேல், சேர்க்கும் உரிமை உள்ளவர் அதைச் சேர்த்துவிடலாம். பராமரிப்பவருக்கும் வேலை உண்டு, குடும்பம் உண்டு என்று ஒப்புக்கொண்டு எழுதிய விதி இது.

கல்லூரித் தம்பி தங்கைகளே, பட்டம் கேட்கமாட்டார்கள், ஊர் கேட்கமாட்டார்கள். ஆளில்லாத போர்ட் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்த மெயின்டெய்னர் வரியில் உங்கள் முகவரியை எழுதுங்கள். அது முடியாதவர்கள், நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளைச் சோதித்துப் பிழையை அறிவியுங்கள். இலவசமாய் வாங்கியவர்களுக்கு அந்தக் கடமையாவது இல்லையா?