35 வயதில் ஒரு காலைப்பொழுது
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



சுகாதாரக் கல்வி என் தொழில். மருந்து கொடுப்பதில்லை, ஊசி போடுவதில்லை, பேசுவதுதான் வேலை. வகுப்பில் பேசியதற்காக வாங்கில் ஏற்றப்பட்டவளுக்கு இப்போது அதற்குச் சம்பளம் கிடைக்கிறது.

நம் சங்கத்தைப்போல நாட்டின் பொதுச் சுகாதார சேவைக்கும் இது நூற்றாண்டுதான். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதார அலகு தொடங்கியது. வருத்தம் வந்தபின் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதை விட, வருமுன் வீடு தேடிப் போவது என்ற அந்த முறை பிறகு நாடெங்கும் பரவியது. மருத்துவிச்சி நம் படியேறி வருவது அதனால்தான்.

1996இல் சுகவனிதையர் கிளினிக்குகள் வந்தன. 35 வயதுப் பெண்ணுக்கு இரத்த அழுத்தம், சீனி, மார்பகம் எல்லாம் பார்ப்பார்கள். பப் பரிசோதனையும் செய்வார்கள். காசு இல்லை. இருந்தும் இரத்மலானையிலோ வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இதைச் சொன்னால் முதற்கேள்வி, "பார்க்கிறது ஆம்பிளை டொக்டரோ?" அடுத்தது, "எனக்குச் சிங்களம் அவ்வளவு வராதே, பிள்ளை." இரண்டும் நியாயமான கேள்விகள். "கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்" என்று துண்டுப்பிரசுரத்தில் படித்த ஓர் அன்ரி, தன் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒன்றுமில்லை" என்றார். சிரிக்காதீர்கள், அப்படி எழுதினால் வேறென்ன விளங்கும்? கருப்பையின் வாசல் என்று சொன்னதும் விளங்கிக்கொண்டார்.

அந்த வாசலில் கலங்கள் கெட்டுப்போகத் தொடங்கிப் புற்றுநோயாவதற்குப் பெரும்பாலும் பல வருடங்கள் எடுக்கும். நமக்குக் கிடைக்கும் தவணை அதுதான். சில நிமிடங்களில் சிறிது கலங்களைத் தடவியெடுத்துக் கண்ணாடித் தட்டில் பார்த்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, மகனின் ஓ.எல். முடியட்டும் என்றா, பிறகு ஏ.எல். முடியட்டும் என்றா. மகன் கம்பஸ் போன வருடம் அவ மஹரகம ஆஸ்பத்திரிக்குப் போனா. திரும்பி வந்து அதிக நாள் இருக்கவில்லை.

2017 முதல் 6ஆம் வகுப்பு மாணவியருக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். உங்கள் பேத்திமாருக்கு அந்தக் காப்பு உண்டு. அவர்களின் தாய்மாருக்கு இல்லை. அவர்கள் கிளினிக்குக்குத்தான் போகவேண்டும்.

வெளியே மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். பெயரும் போன் நம்பரும் எழுதுங்கள். உங்கள் பகுதியில் எந்த நாள் கிளினிக் என்று விசாரித்துச் சொல்வேன். தனியே போகக் கூச்சமென்றால் கூடவும் வருவேன். தேநீருக்கு முன்பே எழுதிவிடுங்கள். பற்றிஸைக் கண்டபின் ஒருவரும் மேசைப் பக்கம் வரமாட்டீர்கள்.