கையெழுத்துப் போடும் முன்

(மும்பையில் நடந்த சங்கத்தின் மாதக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாடகை, ரேஷன் கார்டு, கூலி பாக்கி என்று பேசிப் பழகிய மேடை இது. இன்று பிள்ளைகளின் உடம்பைப் பற்றிப் பேசும்படி மாதர் குழுவினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். "இதையெல்லாம் சங்கத்தில் பேசலாமா?" என்று இரண்டு பெரியவர்கள் கேட்டார்கள். பேசத்தான் வேண்டும் ஐயா. பத்துக்குப் பத்து அறையில் குடியிருக்கிறோம். குழந்தையைக் குளிப்பாட்டுவது பொதுக் குழாயடியில். பிறந்த குழந்தையின் உடம்பில் ஒரு சிறு வேறுபாடு இருந்தால் பொழுது சாய்வதற்குள் சால் முழுக்கப் பேச்சாகிவிடும். அந்தப் பேச்சுக்குப் பயந்து பெற்றோர் அவசரப்படுகிறார்கள். அவசரத்துக்கு விலை கொடுப்பது குழந்தை.

நான் டாக்டர் இல்லை. பத்தாவது தேறி ரயில்வேயில் குமாஸ்தா ஆனவன். ஆனால் ஆங்கிலப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு நம் ஜனங்கள் முதலில் வருவது என்னைப் போன்றவனிடம்தான். சில வருஷங்களுக்கு முன் ஒரு கட்டடத் தொழிலாளித் தம்பி ஆஸ்பத்திரிப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்தார். "அண்ணே, எங்கே கையெழுத்துப் போடணும்னு மட்டும் காட்டுங்க, போதும்" என்றார். வாசித்துப் பார்த்தேன். அவருடைய கைக்குழந்தை ஆணா பெண்ணா என்று பிறப்புறுப்பைப் பார்த்துத் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. ஆபரேஷன் செய்து பெண்ணாக ஆக்கிவிடச் சம்மதம் என்று எழுதியிருந்தது. "இதைச் செய்யாவிட்டால் பிள்ளை உயிருக்கு ஆபத்தா என்று கேட்டீர்களா தம்பி?" என்றேன். கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் போய்க் கேட்டார். ஆபத்தில்லை, பிறகும் செய்யலாம் என்று பதில் வந்தது. படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

வெளிநாட்டில் நடக்கும் விவாதம்

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சில ஆண்டுகளாகப் பெரிய சண்டை நடக்கிறது. "நான் பையன் இல்லை, பெண்" என்றோ, "பெண் இல்லை, பையன்" என்றோ சொல்லும் பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் பருவ மாற்றத்தைத் தள்ளிப்போடும் ஊசியும் ஹார்மோன் மருந்தும் கொடுக்கலாமா, கூடாதா என்பது விவாதம். இங்கிலாந்தில் டாக்டர் ஹிலாரி காஸ் தலைமையில் நடந்த ஆய்வு 2024 ஏப்ரலில் முடிந்தது. இந்த மருந்துகளின் பலனுக்கு இருக்கும் சான்று பலவீனமானது என்று அது சொன்னது. அந்த ஆண்டு டிசம்பரில், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தக் காரணத்துக்காகப் பருவத் தடுப்பு ஊசியைப் புதிதாக எழுதிக்கொடுப்பதை அந்நாட்டு அரசு காலவரையின்றித் தடை செய்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமோ 2018-இல் இத்தகைய சிகிச்சையை ஆதரித்து, 2023-இல் அதை மீண்டும் உறுதிசெய்தது. ஆனால் அங்கே இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தடைச் சட்டம் போட்டன. டென்னசி மாநிலத்தின் தடை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூன் 18-இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

இரு தரப்பிலும் பிள்ளைகள்மீது அக்கறை உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வழக்கை இந்த மேடையில் நாம் தீர்க்கப் போவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளை அறியாப் பருவம், அதன் உடம்பில் திரும்பப்பெற முடியாத மாற்றத்தைச் செய்யக் கூடாது என்பது தடை கேட்பவர்களின் வாதம். நல்லது. அதே டென்னசி சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது: பிறவிக் குறைபாடு என்று சொல்லிச் செய்தால் தடை இல்லை. ஆர்கன்சா மாநிலம் 2021-இல் போட்ட சட்டத்திலும் இதே மாதிரி விலக்கு உண்டு. பதினாறு வயதுப் பிள்ளை வாய்விட்டுக் கேட்டால் கொடுக்காதே என்கிறது சட்டம். ஆறு மாதக் குழந்தை, கேட்கவும் தெரியாது, மறுக்கவும் தெரியாது. அதன்மேல் கத்தி வைப்பதைத் தடுக்கவில்லை. இது என்ன நியாயம்?

கத்தி வந்த கதை

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? 1950-களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் உருவான கொள்கை இது. ஜான் மணி என்ற உளவியலாளர் அதில் முக்கியமானவர். முதல் இரண்டு வயதுக்குள் உடம்பைத் திருத்தி, பெண் என்று சொல்லி வளர்த்தால் குழந்தை பெண்ணாகவே வளரும் என்றார்.

கனடாவில் 1965-இல் இரட்டையராகப் பிறந்த ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு, முன்தோல் நீக்கும்போது ஏற்பட்ட விபத்தில் ஆணுறுப்பு கருகிப்போனது. மணியின் யோசனைப்படி 1967-இல் ஆபரேஷன் செய்து, பெண் பெயர் வைத்து வளர்த்தார்கள். வெற்றி என்று மணி உலகத்துக்கு எழுதினார். உண்மையில் அந்தப் பிள்ளை பாவாடையைக் கிழித்தது. பள்ளியில் கேலிக்கு ஆளானது. பதினான்கு வயதில் தகப்பனார் உண்மையைச் சொன்னதும் டேவிட் என்று பெயர் மாற்றிக்கொண்டு ஆணாக வாழத் தொடங்கினார். டேவிட் ரீமர் என்ற அவரது கதையின் உண்மை 1997-இல்தான் மருத்துவ உலகத்துக்கு வெளிப்பட்டது. 2004-இல், 38-ஆம் வயதில், அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். டேவிட் இடைப்பாலினமாகப் பிறந்தவர் அல்லர். ஆனால் அவரை வைத்து நிரூபித்ததாகச் சொன்ன கொள்கையைக் காட்டித்தான், இடைப்பாலினமாகப் பிறந்த எத்தனையோ குழந்தைகளை உலகமெங்கும் மேசையில் கிடத்தினார்கள்.

எது காத்திருக்கும், எது காத்திருக்காது

இடைப்பாலினம் என்றால் என்ன? ஆண் உடம்பு, பெண் உடம்பு என்று நாம் வழக்கமாகச் சொல்லும் அமைப்புக்குள் அடங்காமல் பிறப்பது. குரோமோசோமிலோ, சுரப்பியிலோ, உறுப்பிலோ வேறுபாடு இருக்கலாம். திருநங்கை, திருநம்பி என்பது வேறு. அது மனம் தன்னை யாராக உணர்கிறது என்பதைப் பற்றியது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தாய்மார்கள் இதைக் கவனித்துக் கேளுங்கள். பிறப்புறுப்பு தெளிவில்லாமல் பிறக்கும் பெண் குழந்தைகளில் பலருக்கு அட்ரினல் சுரப்பியில் பிறவிக் கோளாறு இருக்கும். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பி அது. உயிர் வாழத் தேவையான கார்டிசால் என்ற ஹார்மோன் போதிய அளவு சுரக்காது. ஆண் தன்மை தரும் ஹார்மோன் மிகுந்துவிடும். சில குழந்தைகளுக்கு உடம்பிலிருந்து உப்பு வெளியேறிக்கொண்டே இருக்கும். பிறந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் பால் குடிக்காது, வாந்தி எடுக்கும், துவண்டு போகும். மருந்து கொடுக்காவிட்டால் இறந்துவிடும். ஆண் குழந்தைக்கும் இந்தக் கோளாறு வரும்; அதற்கு வெளியில் ஒரு அடையாளமும் தெரியாது என்பதால் ஆபத்து இன்னும் அதிகம். இதற்குத் தினமும் மாத்திரை வேண்டும், வாழ்நாள் முழுக்க. காய்ச்சல் கண்டால் டாக்டர் சொன்னபடி அளவைக் கூட்ட வேண்டும். சொந்த ஊருக்கு ரயில் ஏறும்போது துணிமணியை மறந்தாலும் அந்த மாத்திரையை மறக்கக் கூடாது.

ஆக, ஒரே குழந்தைக்கு இரண்டு சிகிச்சை. மாத்திரை ஒரு நாள்கூடக் காத்திருக்காது. உறுப்பைப் பார்வைக்கு அழகாக்கும் ஆபரேஷன் பல வருஷம் காத்திருக்கும். மூத்திரப் பாதை அடைபட்டிருந்தால் ஆபரேஷன் உடனே வேண்டும். சில நிலைகளில் உள்ளே இருக்கும் சுரப்பியில் புற்றுநோய் வரலாம். அதைப் பரிசோதித்து டாக்டர் சொல்லட்டும். மற்றதற்கு என்ன அவசரம்? வெட்டிய இடத்தில் உணர்ச்சி போய்விடலாம். தழும்பு தங்கும், திரும்பத் திரும்ப ஆபரேஷன் வரலாம். சுரப்பியை எடுத்துவிட்டால் ஆயுள் முழுக்க ஹார்மோன் மருந்துதான். எல்லாம் முடிந்த பிறகு அந்தப் பிள்ளை வளர்ந்து "நான் பெண் இல்லையே அம்மா" என்று சொன்னால் எதைத் திருப்பிக் கொடுப்போம்?

நீதிமன்றம் சொன்னது

2019 ஏப்ரல் 22-இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு தீர்ப்புக் கொடுத்தார். தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் கல்யாணத்தைப் பதிவு செய்ய மறுத்ததால் வந்த வழக்கு அது. பதிவு செய்யுங்கள் என்று உத்தரவிட்டதோடு நீதிபதி நிற்கவில்லை. இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பாலின மாற்று ஆபரேஷன் செய்வதைத் தடுத்து ஆணை போடுங்கள் என்று தமிழ்நாட்டு அரசுக்குச் சொன்னார். பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்றார். இந்தக் குழந்தைகளுக்காகப் பாடுபட்டு வந்த மதுரைக்காரர் கோபி சங்கரின் பணியையும் அந்தத் தீர்ப்பு குறிப்பிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அரசாணை வந்தது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர இந்த ஆபரேஷன் கூடாது. இந்தியாவில் இப்படி ஆணை போட்ட முதல் மாநிலம் தமிழ்நாடு.

கேரளத்தில் 2023-இல் ஒரு தாய் தகப்பனே உயர் நீதிமன்றம் போனார்கள். நான் சொன்ன அந்த அட்ரினல் கோளாறோடு பிறந்த ஏழு வயதுக் குழந்தை. பெண்ணாகவே வளர்க்க ஆபரேஷனுக்கு அனுமதி கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரும் உறவும் என்ன சொல்லும் என்ற பயம் எந்தத் தாய்க்கும் இருக்கும். ஆனால் நீதிபதி வி.ஜி. அருண் அனுமதி கொடுக்கவில்லை. மருத்துவக் குழு குழந்தையைப் பார்க்கட்டும், உயிரைக் காக்க அவசியம் என்று அது சொன்னால் செய்யலாம் என்றார். இந்த ஆபரேஷன்களை முறைப்படுத்த மூன்று மாதத்தில் ஆணை போடும்படி அரசுக்கும் உத்தரவிட்டார்.

தோழர்களே, நமக்கு இங்கேதான் சிக்கல். ரயில் மாநில எல்லையைத் தாண்டும், அரசாணை தாண்டாது. தமிழ்நாட்டு ஆணை மராட்டியத்து ஆஸ்பத்திரியைக் கட்டுப்படுத்தாது. மதுரையில் பிறந்தால் பாதுகாப்பு உண்டு, தாராவியில் பிறந்தால் அந்த ஆணை உதவாது என்றால், பிழைக்க வந்தவன் பெற்ற பிள்ளை செய்த குற்றம் என்ன? 2024-இல் இந்த விஷயத்தில் ஒரு பொதுநல வழக்கை எடுத்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. மால்டா என்ற குட்டி நாடு 2015-இலேயே சட்டம் செய்துவிட்டது. இந்தியா முழுமைக்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று கேட்கும் உரிமை நம்மைப் போல் மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்களுக்கே முதலில் உண்டு.

வாய் திறந்து சொல்லும் பிள்ளை

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பேசத் தெரியாத குழந்தைக்காகக் காத்திருக்கச் சொல்கிறேன். பேசும் பிள்ளையின் பேச்சைக் கேட்க வேண்டாமா? பன்னிரண்டு வயதுப் பையன் "நான் பெண்" என்று சொன்னால் பெல்ட்டைக் கழற்றுகிறோம், பூசாரியிடம் கூட்டிப்போகிறோம். பிள்ளை வீட்டை விட்டு ஓடுகிறது. ஓடும் பிள்ளை வந்து நிற்கும் இடம் எங்கள் பிளாட்பாரம். அங்கிருந்து அது யார் கையில் போய்ச் சேரும், எந்த மருந்தை வாங்கி விழுங்கும், யாரிடம் அரைகுறை ஆபரேஷனுக்குப் படுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டில் டாக்டர் மருந்து தரலாமா என்று விவாதிக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு டாக்டரே இல்லை.

அடிப்பது மருந்தல்ல. மாற்றிக்காட்டுகிறேன் என்று ஷாக் கொடுப்பதும் மருந்தல்ல. இத்தகைய முயற்சியைத் தடை செய்யும்படி 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். மறு ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போங்கள். திரும்பப்பெற முடியாத எதையும் பதினெட்டுக்கு முன் செய்ய அவசரப்படாதீர்கள். அதற்காக வீட்டை விட்டும் துரத்தாதீர்கள். எங்கேயாவது ஒரு பிள்ளை தனியாக நின்றால் 1098-க்குப் போன் போடுங்கள்.

உடம்பை ஊர் எடைபோட்டால் என்ன ஆகும் என்பதற்குப் புதுக்கோட்டைச் சீமையின் சாந்தி சௌந்தரராஜனே சாட்சி. செங்கல் சூளைத் தொழிலாளி வீட்டுப் பெண். 2006-இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். ஓடி ஜெயித்த பெண் மறுபடியும் சூளைக்கே கூலிக்குப் போக நேர்ந்தது. அவர் செய்த பிழை ஒன்றுமில்லை.

முடிவாக, ஆஸ்பத்திரியில் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இன்று செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்தா? செய்த பிறகு பழையபடி ஆக்க முடியுமா? பிள்ளை வளர்ந்து தானே சொல்லும்வரை காத்திருந்தால் என்ன நஷ்டம்? பதிலை உங்கள் பாஷையில் சொல்லச் சொல்லுங்கள். புரியவில்லை என்றால் படிவத்தைச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். படித்துச் சொல்ல ஆள் இருக்கிறோம். வெளியே ஒரு வார்த்தை போகாது.

குழாயடியில் பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தத் தாயைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

அகில இந்தியச் சட்டம் கோரும் தீர்மானத்தை மாதர் குழுவினர் இப்போது முன்மொழிவார்கள். கைதூக்கி ஆதரிக்கும்படி கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.